எல்-1பி வந்தால் விடலாமா?

கேள்வி: சென்னையில் ஒரு அமெரிக்க சாஃப்ட்வேர் கம்பெனியில் நான்கு வருடமாக இருக்கிறேன். கம்பெனி தன் ஊழியரையே தன் அமெரிக்க அலுவலகத்துக்கு மாற்றும் எல்-1பி விசாவில் டல்லாஸ் அனுப்புவதாகச் சொல்கிறார்கள். தோழிகளோ, "எல்-1ல போனா கம்பெனி மாற முடியாது, எச்-1பிக்குக் காத்திரு" என்கிறார்கள். கணவரும் ஐ.டி.தான். என்ன செய்யட்டும்?
- வாசகி, மேடவாக்கம்

பதில்: கிளம்புங்கள். தோழிகள் சொல்வது சரிதான், எல்-1 அனுப்புகிற கம்பெனியோடு கட்டிப்போடும். எச்-1பி, அதாவது அமெரிக்க கம்பெனி மனு போட்டு ஒருவரை வேலைக்கு எடுக்கும் விசா, கையில் இருந்தால் புது கம்பெனி மனு போட்டதுமே அங்கே சேர்ந்துவிடலாம். ஆனால் அது முதலில் கிடைக்க வேண்டுமே. வருடத்துக்கு 65,000 விசா, அமெரிக்காவில் முதுகலை முடித்தவர்களுக்கு இன்னும் 20,000, அதற்கும் மார்ச்சில் குலுக்கல், பெயர் விழுந்தாலும் அக்டோபர் 1 வரை காத்திருக்க வேண்டும். போதாததற்கு, வெளிநாட்டில் இருப்பவருக்குப் புது மனு போட்டால் 1,00,000 டாலர் என்று 2025 செப்டம்பரில் ஓர் உத்தரவு வேறு வந்தது. எல்-1க்குக் குலுக்கல் கிடையாது.

கணவர் விஷயம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. நான் எச்-1பியில் போனபோது என் மனைவி எச்-1பிக்காரரின் குடும்பத்துக்கான எச்-4ல் வந்தார். எனக்கு ஐ-140, அதாவது கிரீன் கார்டுக்காகக் கம்பெனி போடும் மனு, அங்கீகாரமாகும்வரை அவர் வேலைக்குப் போக வழியில்லை. பழைய ஆபீஸ் அடையாள அட்டையைத் துணி அலமாரியில் சேலைக்கடியில் வைத்திருந்தார், அதைப் பார்த்த நாள் இன்னும் மறக்கவில்லை. எல்-1காரரின் குடும்பத்துக்கான எல்-2ல் வரும் கணவர் தனி அனுமதிக்கு விண்ணப்பிக்காமலே வேலை பார்க்கலாம். இறங்கியதும் அவருடைய ஐ-94ஐ, அதாவது அமெரிக்காவுக்குள் வந்த பதிவை, டவுன்லோட் செய்து 'எல்-2எஸ்' என்று இருக்கிறதா பாருங்கள். அந்த 'எஸ்' இல்லையென்றால் உடனே திருத்தச் சொல்லுங்கள், வேலை தருகிறவர் அதைத்தான் பார்ப்பார்.

அப்புறம் சம்பளம். எச்-1பியில் அந்த ஊரில் அந்த வேலைக்குள்ள நிலவரச் சம்பளத்துக்குக் குறைக்க முடியாது. எல்-1ல் அந்த விதி இல்லை. அதனால் டாலரில் எவ்வளவு என்று கடிதத்தில் வாங்காமல் டிக்கெட் போடாதீர்கள்.

எல்-1பி ஐந்து வருடம்தான். எச்-1பி ஆறு வருடம், ஆனால் ஐ-140 அங்கீகாரமாகிவிட்டால் அதற்கு மேலும் நீட்டலாம், இந்தியர்களின் கிரீன் கார்டு வரிசைக்கு அது இல்லாமல் முடியாது. எல்-1ல் கழிந்த காலம் அந்த ஆறில் கழிந்துவிடும் என்பதால் எச்-1பிக்கு மாறுவதைக் கடைசி வருடம்வரை தள்ளிப்போடாதீர்கள். போன முதல் மார்ச்சிலேயே குலுக்கலில் பெயர் போடுவார்களா, கிரீன் கார்டு வேலையை எப்போது தொடங்குவார்கள், இந்த இரண்டையும் எச்.ஆரிடம் மெயிலில் கேட்டு பதிலை வாங்கி வையுங்கள்.