டெபாசிட் காலி

கேள்வி: சட்டமன்றத் தேர்தலில் நிற்க 10,000 ரூபாய் டெபாசிட் கேட்பது ஏழைகளைத் தடுக்கத்தானே? ஆறில் ஒரு பங்கு ஓட்டு வாங்காவிட்டால் அதையும் எடுத்துக்கொள்வது நியாயமா? (வாசகர், ஈரோடு)

பதில்: டெபாசிட் என்றதும் எனக்குத் தேர்தல் ஞாபகம் வருவதில்லை, வீட்டுக்காரர்கள்தான் வருகிறார்கள். ஏழு வீடு மாறியவன் நான். முன்பணத்தை முழுதாகத் திருப்பித் தந்தவர் ஒருவரும் இல்லை. ஒருவர் வெள்ளையடிக்க வேண்டும் என்று பிடித்துக்கொண்டார். இன்னொருவர் சுவரில் இருந்த ஆணித் துளைகளை எண்ணி, துளைக்கு இவ்வளவு என்று கழித்தார். நான் குடிபோனபோது அந்த ஆணிகளில் தொங்கியது அவருடைய தாத்தாவின் படம்!

தேர்தல் ஆணையம் எவ்வளவோ மேல். செல்லுபடியான ஓட்டுகளில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டினால் பணம் திரும்ப வந்துவிடும். நோட்டாவுக்கு விழுந்தவை அந்தக் கணக்கில் சேராது. வென்றவருக்கு ஆறில் ஒரு பங்கு கிடைக்காவிட்டாலும் பணம் உண்டு. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பாதித் தொகைதான். வெள்ளையடிக்கிற பேச்சே கிடையாது.

உங்கள் ஊருக்குப் பக்கத்தில்தானே மொடக்குறிச்சி? 1996-இல் அங்கே 1,033 பேர் நின்றார்கள். பெரும்பாலோர் விவசாயிகள். குறையைக் காதில் வாங்காத அரசுக்குக் காட்டவென்றே பணம் கட்டி வந்தவர்கள். அப்போது டெபாசிட் 250 ரூபாய். வாக்குச்சீட்டைப் புத்தகமாகத்தான் அச்சடிக்க முடிந்தது. ஒரு ஓட்டுகூட வாங்காதவர்கள் பலர். அந்தப் புத்தகத்தில் தங்கள் சின்னத்தைத் தேடிக் களைத்துவிட்டார்களோ என்னவோ. அதே ஆண்டு டெல்லியில் சட்டத்தைத் திருத்தி 250-ஐ 5,000 ஆக்கினார்கள். சுயேச்சைக்குப் பத்துப் பேர் முன்மொழிய வேண்டும் என்றும் சேர்த்தார்கள். விவசாயி கேட்ட கேள்விக்குப் பதில் வரவில்லை, கேள்வி கேட்கும் கட்டணம்தான் ஏறியது. அந்த வகையில் உங்கள் கோபம் சரி.

ஆனால் ஏழையைத் தடுப்பது இந்தப் பத்தாயிரம் மட்டும்தானா? தமிழ்நாட்டில் சட்டமன்ற வேட்பாளரின் செலவு வரம்பு 40 லட்சம். எனக்குத் தெரிந்த கட்சிக்காரர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். “ஒரு நாளைக்கா?” என்று கேட்டார்.

எங்கள் பிழைதிருத்துபவர் இந்தப் பக்கம் முழுக்க ‘டெபாசிட்’டை அடித்துவிட்டுக் ‘காப்புத்தொகை’ என்று போட்டிருந்தார். பன்னிரண்டு ஆண்டுச் சண்டை இது. யாரைக் காக்கிற தொகை என்று கேட்டு மறுபடி மாற்றினேன். இலங்கைத் தமிழர்கள் கட்டுப்பணம் என்கிறார்கள். கட்ட வேண்டும் என்பதோடு நின்றுவிடுகிற சொல். திரும்பி வரும் என்று அது யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை.