ஊஞ்சல் படத்துக்குள் வீட்டு விலாசம்

கேள்வி: திருவையாறு பக்கத்துக் கிராமத்தில் மாமியாரோடு இருக்கிறேன். கணவருக்குச் சிங்கப்பூரில் வேலை. கூடத்துத் தேக்கு ஊஞ்சலையும் பித்தளை அண்டாக்களையும் விற்க போட்டோ எடுத்தேன். விலை கேட்ட ஒருவர், "டாக்குமென்ட்டா அனுப்புங்க, கிளியரா இருக்கும்" என்றார். வாட்ஸ்அப்பில் அப்படியே அனுப்பிவிட்டேன். ஊர்ப் பெயரைக்கூடச் சொல்லவில்லை. ஆனால் படத்திலேயே வீடு இருக்கும் இடம் தெரிந்துவிடும் என்கிறான் தம்பி மகன். உண்மையா? லொகேஷனை நிறுத்தினால், பயிர் சேதத்தைக் காட்ட எடுக்கும் வயல் படங்களுக்குச் சிக்கல் வருமா?

பதில்: அவன் சொல்வது சரி. போட்டோ எடுக்கும்போது கேமராவில் லொகேஷன் இயங்கிக்கொண்டிருந்தால், எடுத்த இடம், நாள், நேரம், போனின் மாடல் எல்லாம் படத்தோடு சேர்ந்தே பதிவாகிவிடும். இந்த விவரங்களுக்கு எக்சிஃப் என்று பெயர். இடம் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களாக இருக்கும். 10.88 என்று புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் மட்டும் இருந்தால் திருவையாற்றுப் பக்கம் என்றுதான் தெரியும். நான்காவது இலக்கம் வரை போனால் கணக்கு ஏறக்குறைய 11 மீட்டருக்கு வந்துவிடும். போன் அதற்கு மேலும் எழுதி வைக்கும். கும்பகோணத்தில் என் வீட்டுத் திண்ணையில் ஒரு குத்துவிளக்கை வைத்துப் படமெடுத்து மேப்பில் போட்டுப் பார்த்தேன். புள்ளி எங்கள் வாசலிலேயே விழுந்தது.

2012-ல், போலீஸ் விசாரணைக்குப் பயந்து தலைமறைவாக இருந்த ஆன்டிவைரஸ் புகழ் ஜான் மெக்காஃபி குவாத்தமாலாவில் இருப்பது, ஒரு பத்திரிகை வெளியிட்ட போட்டோவில் ஒட்டியிருந்த இந்த எண்களால்தான் வெளியே தெரிந்தது.

வாட்ஸ்அப்பில் சாதாரணமாகப் போட்டோவாக அனுப்பினால், படத்தைச் சுருக்கும்போதே இந்த விவரங்கள் கழன்றுவிடும். டாக்குமென்ட்டாக அனுப்பினால் அசல் ஃபைல் அப்படியே போய்விடும். ஈமெயிலில் இணைப்பதும் அப்படித்தான். உங்கள் கைநழுவிய இடம் அதுதான். முதலில் கேலரியில் அந்தப் படத்தைத் திறந்து மேலே தள்ளிப் பாருங்கள். மேப் வந்தால் இடம் பதிந்திருக்கிறது, வராவிட்டால் கவலையில்லை. பதிந்திருந்தால் சாட்டில் அனைவருக்கும் நீக்கிவிடுங்கள். அவர் ஏற்கெனவே சேமித்து வைத்த நகலை அது அழிக்காது என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனிமேலுக்கு வழி எளிது. ஆண்ட்ராய்டில் கேமராவைத் திறந்து, செட்டிங்ஸில் லொகேஷன் டேக் என்பதை அணையுங்கள். ஐபோன் என்றால் செட்டிங்ஸில் பிரைவசி, அதில் லொகேஷன் சர்வீசஸ், அதில் கேமரா, அங்கே 'நெவர்'. இது இனி எடுக்கும் படங்களுக்கு மட்டும். பழைய படத்தை அனுப்ப வேண்டியிருந்தால் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புங்கள், கொஞ்சம் தெளிவு குறைந்தாலும் பரவாயில்லை. விண்டோஸ் கம்ப்யூட்டர் இருந்தால் ஃபைலை ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ், டீட்டெய்ல்ஸ் போய் விவரங்களை நீக்கலாம்.

வயல் விஷயத்தில் பயப்பட வேண்டாம். கேமராவின் டேக் வேறு, போனின் லொகேஷன் வேறு. அரசு வீடு கட்டும் திட்டம் போன்றவற்றுக்குப் படமெடுக்கும் செயலிகள் இடத்தைத் தாங்களே தனியாக அனுமதி கேட்டு எடுத்துக்கொள்ளும். தண்ணீர் தேங்கி அழுகிய சம்பா நடவைச் சாதாரண கேமராவில் எடுத்து வைப்பதானால், அன்றைக்கு மட்டும் டேக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். அங்கே இடம் பதிவது உங்களுக்குச் சாட்சி. வீட்டுக்குத் திரும்பியதும் மறக்காமல் அணைத்துவிடுங்கள்.

எண்களை நீக்கினாலும் படத்தில் கண்ணுக்குத் தெரிவதை எந்த செட்டிங்ஸும் மறைக்காது. அண்டாவுக்குப் பின்னால் கதவு எண், வண்டி நம்பர், குழந்தையின் பள்ளிச் சீருடை தெரிகிறதா என்று பாருங்கள். சுவரோரமாக ஒரு வேட்டியை விரித்து அதில் வைத்து எடுங்கள். வாங்க வருபவரிடம் கணவர் ஊரில் இல்லை என்று சொல்ல வேண்டாம். அவர் வரும் நாளில் பக்கத்து வீட்டுப் பெரியவர் யாரையாவது திண்ணையில் உட்காரச் சொல்லுங்கள்.