கேட்டால் சொல்வேன்: கட்டிப்பிடித்தால் எலியாகும் பையன்

உயர்நிலை மூன்றில் படிக்கும் என் மகள் ‘ஃப்ரூட்ஸ் பாஸ்கெட்’ என்ற ஜப்பானிய அனிமே தொடரைப் பார்த்துவிட்டு இரவில் அழுகிறாள். சாபம், ஆவி என்று ஏதோ கதை. தடுத்துவிடலாமா?
– ஒரு தாயார், ஈசூன்

தடுக்காதீர்கள். பக்கத்தில் போய் உட்காருங்கள். பேத்தியின் வற்புறுத்தலால் நானும் முழுத் தொடரையும் பார்த்தவள்தான். அதில் ஆவிகளைக் கண்டு எனக்குப் பயம் வரவில்லை. சில பெற்றோரைக் கண்டுதான் வந்தது.

தாயை விபத்தில் பறிகொடுத்த தோரு ஹோண்டா என்ற மாணவி கூடாரம் போட்டுத் தங்கிய நிலம் சோமா குடும்பத்துக்குச் சொந்தம். அந்தக் குடும்பத்தில் சிலரைச் சீன ராசி விலங்குகளின் ஆவி பற்றியிருக்கிறது. எதிர்பாலார் யாராவது கட்டிப்பிடித்தால் எலியாகவோ நாயாகவோ மாறிவிடுவார்கள். முதலில் சிரிப்பு வரும். பெற்ற தாயே அள்ளிக் கொஞ்ச முடியாத ஆண்பிள்ளை எப்படி வளர்ந்திருப்பான் என்பது சற்றுப் பிந்தித்தான் உறைக்கும்.

என்னை உலுக்கியவன் மொமிஜி. முயலாக மாறும் மகனைத் தாங்க முடியாமல் மனம் நொறுங்கிய தாய், அவனைப் பெற்ற நினைவையே அழித்துவிடச் சம்மதிக்கிறாள். பிறகு அவன் எதிரில் வந்து நின்றாலும் யார் வீட்டுப் பிள்ளையோ என்று அன்பாகப் பேசிவிட்டுப் போகிறாள். அந்த அன்புதான் கொடுமை. இதற்கு உங்கள் மகள் அழாமல் இருந்தால்தான் நான் கவலைப்பட்டிருப்பேன்.

யாருக்காக அழுதாய் என்று கேளுங்கள். பூனையாக மாறுவதால் சோமா குடும்பமே ஒதுக்கிவைக்கும் கியோவுக்காக என்றால், வகுப்பில் அவளை யாராவது ஒதுக்குகிறார்களா என்றும் மெல்ல விசாரியுங்கள். சாப்பாடும் தூக்கமும் கெட்டால் பள்ளி ஆலோசகரிடம் பேசுங்கள்.

பழையது, புதியது என்று இரண்டு இருக்கிறதாமே, எதைப் பார்ப்பது?
– வாசகர், பிடோக்

2001இல் வந்தது 26 பகுதிகள். நட்சுகி தகாயாவின் மூலப் படக்கதை அப்போது முடிந்திருக்கவில்லை. எனவே பாதிக் கதைதான் கிடைக்கும். 2019 முதல் 2021 வரை வந்த 63 பகுதிகளைப் பாருங்கள். வார இறுதியில் மொத்தமாகப் பார்த்துவிட்டுத் திங்கட்கிழமை வேலைக்குப் போக மனமில்லை என்று எனக்கு எழுதாதீர்கள்.

சைனாடவுன் புத்தாண்டு அலங்காரங்களில் பூனையை நான் கண்டதே இல்லையே?
– வாசகி, ஜூரோங்

சீன ராசியில் பூனை கிடையாது. விலங்குகளுக்குக் கடவுள் வைத்த விருந்து மறுநாள்தான் என்று எலி பொய் சொன்னதால் பூனை வராமல் போய், ராசியில் இடம் இழந்ததாகக் கதை. பொய் சொன்னது எலி. தலைமுறை தலைமுறையாக ஒதுக்கப்படுவது பூனை! (வியட்நாமியர் ராசியில் முயலின் இடத்தில் பூனை உண்டு. பாவம், அங்காவது பிழைத்தது.)

மூன்று தலைமுறையாக எங்கள் வீட்டுப் பெண்களுக்கு நிம்மதியில்லை. கொள்ளுப்பாட்டி விட்ட சாபம் என்கிறார் மாமியார். அந்தத் தொடரில் வருவதுபோல் உண்மையில் நடக்குமா?
– பெயர் வேண்டாம், தோ பாயோ

தொடரில் குடும்பத் தலைமை அகித்தோவின் கையில். திருமணத்துக்கு அனுமதி கேட்ட அதே குடும்பத்து ஹத்தோரியின் கண்ணையே ஆத்திரத்தில் காயப்படுத்துகிறார் அவர். அதைச் சாபம் செய்யவில்லை, அகித்தோவின் கை செய்தது. உங்கள் வீட்டில் குடிப்பவர் யார், கைநீட்டுபவர் யார், சம்பளத்தைப் பிடுங்கிக்கொள்பவர் யார்? அடுத்த கடிதத்தில் அதை எழுதுங்கள் அம்மா. கொள்ளுப்பாட்டியைப் பிறகு விசாரிப்போம்.