ட்ரான்ஸ்ஃபார்மர் கோருக்கு (சுருளுக்குள்ள இருக்கற காந்த உள்ளகம்) என்ன வார்னிஷ், என்ன பசை? கேளுங்க சொல்றேன்

கேள்வி: சார், சிலிக்கான் ஸ்டீல் தகட்டுக்கு வார்னிஷ் அடிச்சுட்டு அப்புறமா அனீல் (சூடாக்கி மெல்ல ஆற விடறது) பண்ணலாமா?

பதில்: வேணாம்பா. அனீலிங் 800 டிகிரி பக்கம் போகும், அதுல எந்த ரெசினும் நிக்காது, கரியாயிடும், கரி கரண்டை வேற கடத்தும். ட்ரான்ஸ்ஃபார்மருக்கான சிஆர்ஜிஓ தகடு (ஒரே திசையில படிகம் அமைஞ்ச சிலிக்கான் ஸ்டீல்) வரும்போதே மேல கண்ணாடி மாதிரி மெக்னீசியம் சிலிகேட் படலம், அதுக்கு மேல பாஸ்பேட் கோட்டிங் இருக்கும், சில மைக்ரான்தான். அது சூட்டைத் தாங்கும், தகடு விட்டு தகடு சுழல்ற வீண் கரண்டான எடி கரண்டையும் தடுக்கும், தகட்டை லேசா இழுத்துப் பிடிச்சு லாஸையும் (சூடா வீணாகற சக்தி) குறைக்கும். ஓரத்துல பிசிறு இருந்தா மட்டும் கோட்டிங்கை கிழிச்சிரும், அதைப் பாத்துக்கோங்க.

கேள்வி: க்ளாஸ் எஃப் (சூடு தாங்கற தரம்) வார்னிஷ்னா 155 டிகிரி வரைக்கும் கவலையில்லதானே?

பதில்: 155ங்கறது உள்ள இருக்கற ரொம்ப சூடான இடத்துக்கு, நீங்க வெளியில தொட்டுப் பாக்கற இடத்துக்கு இல்ல. 10 டிகிரி கூடினா ஆயுசு பாதின்னு தோராயமா வச்சுக்கோங்க. சந்தேகமா இருந்தா 180 தாங்கற க்ளாஸ் எச் போடுங்க.

கேள்வி: அண்ணா, ஃபெரைட் ஈ கோர் (E வடிவ பீங்கான் மாதிரி காந்தப் பொருள்) ரெண்டையும் எப்பாக்ஸி வச்சு ஒட்டினேன், இண்டக்டன்ஸ் (சுருளோட தூண்டல் அளவு) பாதியா விழுந்துருச்சு. கோர் போச்சா?

பதில்: கோர் நல்லாத்தான் இருக்கு, பசையை ரெண்டு கோரும் சேர்ற முகத்துல தடவிட்டீங்க. காந்தப் பாதை 100 மில்லிமீட்டர், பெர்மியபிலிட்டி (காந்தப் புலத்தை எவ்வளவு சுலபமா விடுதுங்கற அளவு) 2000னு வைங்க, மொத்தம் 0.05 மில்லிமீட்டர் இடைவெளியே பாதியாக்கப் போதும். ஈ கோர்ல நடுக்கால், ஓரக்கால்னு ரெண்டு தடவை இடைவெளி வருது, அப்போ பசை 0.025 கனம் இருந்தாலே முடிஞ்சது கதை! முகத்தை சுத்தமா துடைச்சு சேத்து, இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு வெளிப்பக்க ஓரத்துல மட்டும் பசை வைங்க. சூப்பர் க்ளூ வேணாம், சூட்டுல விட்டுடும்.

கேள்வி: அமார்ஃபஸ் டொராய்டை (படிக அமைப்பு இல்லாத உலோக நாடா சுத்தின வளைய கோர்) எப்பாக்ஸிக்குள்ள முழுசா ஊத்தி மூடலாமா?

பதில்: நான் ஒருதடவை பண்ணி மாட்டிக்கிட்டேன். பாக்க பளபளன்னு இருந்துச்சு, அளந்தா பெர்மியபிலிட்டி கீழ, லாஸ் மேல. இறுகும்போது எப்பாக்ஸி சுருங்கி கோரை நெரிக்குது, இரும்பு அமார்ஃபஸ்க்கு அந்த அழுத்தம் ஆகவே ஆகாது. இப்பல்லாம் டப்பாக்குள்ள வச்சு மெத்துன்னு இருக்கற சிலிக்கான்தான் ஊத்தறேன். அனீல் பண்ணதுன்னா கையாளும்போதும் கவனம், அப்பளம் மாதிரி நொறுங்கும்.

கேள்வி: வார்னிஷ்ல முக்கி எடுத்தா ட்ரான்ஸ்ஃபார்மர் உறுமல் நிக்குமா?

பதில்: லூசான தகடு அதிர்ற சத்தம் நிக்கும். 50 ஹெர்ட்ஸ் சப்ளைல வர்ற 100 ஹெர்ட்ஸ் உறுமல், ஸ்டீலே நீண்டு சுருங்கறதால வர்றது, அது முழுசா போகாது.