வீட்டிலேயே பதிவாகும் வாழ்த்துப் பாட்டு: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: நைனாவுக்கு வர்ற மாசம் அறுபதாம் கல்யாணம். அக்காவும் நானும் ஒரு கானா பாட்டு எழுதியிருக்கோம். கையில இருக்கிறது செல்போன் மட்டும்தான். ரெக்கார்டு பண்ணிக் கேட்டா கிணத்துக்குள்ள பாடுற மாதிரி இருக்கு. நடுநடுவே லாரி ஹாரன் வேற. நல்ல மைக் வாங்கணுமா?
- வாசகி, காசிமேடு

பதில்: மைக் வேண்டாம். கிணற்றுச் சத்தத்துக்குக் காரணம் போன் அல்ல, வெறும் சுவரும் மொசைக் தரையும். உங்கள் குரல் நேராக ஒருமுறையும், சுவரில் பட்டுத் திரும்பி இன்னொருமுறையும் போனுக்குள் போகிறது. போன் தள்ளி இருக்க இருக்க, திரும்பி வரும் குரலின் பங்கு கூடிக்கொண்டே போகும். வாய்க்கும் போனுக்கும் ஒரு சாண் இடைவெளி வையுங்கள். தூரம் பாதியானால் நேர்க்குரல் சுமார் 6 டெசிபல் உயரும், எதிரொலி அப்படியே இருக்கும். இந்த ஒரு மாற்றத்திலேயே பாதிக் குறை தீர்ந்துவிடும்.

பிறகு அறை. பாடுபவர் முதுகுப் பக்கம் கொடியில் இரண்டு கம்பளிப் போர்வையைத் தொங்கவிடுங்கள். போனுக்குப் பின்னால் மெத்தையை நிமிர்த்திச் சுவரில் சாய்த்துவிடுங்கள். தரையில் பாய் போதாது, ஜமுக்காளத்தை இரண்டாக மடித்துப் போடுங்கள். ஒன்றை மறக்கக் கூடாது: போர்வை எதிரொலியைத்தான் உறிஞ்சும், தெருச்சத்தத்தைத் தடுக்காது. லாரிக்கு ஒரே மருந்து நேரம் பார்ப்பதுதான். விடியற்காலை அமைதி என்பது உங்கள் பக்கம் செல்லாது, மீன் ஏலமும் வண்டிகளும் அப்போதுதான். இரண்டு நாள் கவனித்து, எந்த அரைமணி நேரம் ஓய்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் ஃபேன், ஃபிரிட்ஜ் இரண்டையும் நிறுத்திவிடுங்கள்.

பெரும்பாலான போன்களில் பேசுகிற மைக், சார்ஜர் சொருகும் இடத்துக்குப் பக்கத்தில் ஊசித்துளை அளவில் இருக்கும். அதைக் கவர் மூடியிருக்கிறதா, பிடிக்கிற விரல் மறைக்கிறதா என்று பாருங்கள். போனைக் கையில் பிடிக்காமல், புத்தக அடுக்கின் மேல் மடித்த துண்டு போட்டு அதில் வையுங்கள். வாய்க்கு நேரே வைத்தால் ‘நைனா பாசம்’ என்று பாடும்போது அந்த ‘பா’ காற்றோடு மோதி ‘டப்’ என்று கேட்கும். சற்றுப் பக்கவாட்டில், கன்னத்துக்கு நேராக வைத்தால் போதும். ஃபிளைட் மோடு கட்டாயம். ரெக்கார்டரில் வேவ் (ஒலியைச் சுருக்காத கோப்பு வகை) அல்லது மிக உயர்ந்த தரத்தைத் தேர்ந்தெடுங்கள். உச்சத்தில் பாடும் வரியை முதலில் பாடிப் பாருங்கள். அங்கே குரல் கரகரத்தால் அளவு மீறிவிட்டது என்று பொருள். அதைப் பிறகு எந்த மென்பொருளாலும் முழுசாகச் சரிசெய்ய முடியாது. இன்னும் அரைச் சாண் தள்ளி நில்லுங்கள்.

பாடத் தொடங்கும் முன் 10 விநாடி யாரும் அசையாமல் வெறும் அறையைப் பதிவு செய்யுங்கள். ஆடாசிட்டி என்ற கணினி மென்பொருளில் இரைச்சலைக் குறைக்க அந்தத் துண்டுதான் மாதிரி. 6 முதல் 10 டெசிபலுக்கு மேல் குறைத்தால் குரல் தண்ணீருக்குள் இருந்து வருவது போலாகிவிடும்.

கேள்வி: தம்பி டோலக் வாசிச்சு முதல்ல பதிவு பண்ணிட்டான். அதை ப்ளூடூத் இயர்போன்ல கேட்டுக்கிட்டே நான் பாடுறேன். சேர்த்துக் கேட்டா ஒவ்வொரு வரியும் தாளத்துக்குப் பின்னாடி வருது. சொல்லும் புரியல.
- வாசகர், வியாசர்பாடி

பதில்: உங்கள் தாளத்தில் குற்றமில்லை. ப்ளூடூத்தில் ஒலி காதுக்கு வரவே நொடியில் ஐந்தில் ஒரு பங்கு வரை தாமதமாகலாம். கானாவின் துள்ளல் நடையில் அது பெரிய இடைவெளி. வயர் இயர்போன் போடுங்கள். ஒரு காதில் மட்டும் போட்டால் சொந்தக் குரலும் கேட்கும், சுருதி நழுவாது. அப்படியும் சிறிது பின்தங்கினால், டோலக் தொடங்கும் முன் தம்பியை நாலு கைத்தட்டல் பதிவு செய்யச் சொல்லி, நீங்களும் அதோடு சேர்ந்து தட்டுங்கள். திரையில் இரண்டு தட்டல்களும் ஒரே கோட்டில் வரும்வரை குரல் டிராக்கை முன்னுக்கு இழுத்தால் பாட்டு முழுவதும் ஒட்டிவிடும். பேண்ட்லேப், ஆடாசிட்டி இரண்டும் இலவசம், இரண்டிலும் இதைச் செய்யலாம்.

சொல் புரியாததற்கு டோலக்கின் இடது முகம் காரணம். அதன் கும் ஒலியும் குரலின் அடிப்பகுதியும் 200, 300 ஹெர்ட்ஸ் பக்கம் மோதிக்கொள்கின்றன. மென்பொருளில் ஈக்வலைசர் (ஒலியின் கீழ், மேல் பகுதிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் வசதி) இருக்கும்; அதில் டோலக்கின் அந்த இடத்தை 3 டெசிபல் குறையுங்கள். குரலில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டு, 3000 ஹெர்ட்ஸ் பக்கம் 2 டெசிபல் மட்டும் ஏற்றுங்கள். அடுத்த முறை டோலக்கை மூன்று நான்கு அடி தள்ளிப் பதிவு செய்வது இதைவிட நல்லது. கடைசியாக, சத்தத்தைக் காதுக்கு எட்டியும் எட்டாத அளவுக்குக் குறைத்துக் கேளுங்கள். அப்போதும் பெயரும் உறவுமுறையும் தெளிவாகக் கேட்டால் கலவை சரி. வாழ்த்துப் பாட்டில் அந்தச் சொற்கள்தானே பரிசு.

கேள்வி: தங்கச்சி வளைகாப்புக்கு ஆயாவைத் தாலாட்டு பாட வைக்கணும். மைக்கைக் காட்டினாலே குரல் நடுங்குது, கடைசி வரியில சுருதி இறங்கிடுது. ஆட்டோடியூன் போடலாமா?
- வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: தயவுசெய்து போடாதீர்கள். ‘ஆராரோ’வில் ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததுக்கு இழைந்து வரும் இடம்தான் உயிர். சுருதியைத் தானாகத் திருத்தும் அந்த மென்பொருள் அதைப் படிக்கட்டாக வெட்டிவிடும். ஆயாவுக்கு இயர்போனும் வேண்டாம், தாளம் தட்டிக் காட்டும் மெட்ரோனோமும் வேண்டாம். வழக்கமாக உட்காரும் இடத்திலேயே, வெந்நீர் கொடுத்து, பேச்சுக் கொடுத்துக்கொண்டே பதிவை ஓட விடுங்கள். முதல் முறை பாடுவதுதான் பெரும்பாலும் சிறப்பாக அமையும், அதனால் ஒத்திகை என்று சொல்லி அதை வீணாக்க வேண்டாம். பாடி முடித்த பிறகு அவர் குரல் எந்தக் கட்டையில் (சுருதியில்) நிற்கிறது என்று பார்த்து, அதே கட்டையில் தம்புரா ஒலியை மெல்லிசாக அடியில் சேருங்கள். சுருதி இறங்கும் கடைசி வரிக்கு முன்பே தம்புராவைக் கரையவிடுங்கள். ஒப்பிட ஒன்றும் இல்லாதபோது இறக்கம் தெரியாது. நடுவில் சிரித்தாலோ இருமினாலோ அதை வெட்டுவதற்கு முன் ஒருமுறை யோசியுங்கள்.

கேள்வி: சினிமா பாட்டு கரோக்கியில் வரியை மட்டும் மாற்றிப் பாடலாமா?
- வாசகர், திருவொற்றியூர்

பதில்: 1957-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, திருமணச் சடங்கிலும் கல்யாண ஊர்வலத்திலும் பாடல் ஒலிக்க விலக்கு தருகிறது. அந்த விலக்கு யூடியூபில் ஏற்றுவதற்குப் பொருந்தாது. சொந்த மெட்டு போடுங்கள், நாலு ஸ்வரத்தில் சுற்றினாலும் போதும்.

கேள்வி: வீட்டில் நன்றாகக் கேட்ட பாட்டு, மண்டபத்தில் போட்டபோது இசை மட்டும் வந்தது, குரல் காணாமல் போனது. ஏன்?
- வாசகர், பெரம்பூர்

பதில்: லேப்டாப்பின் ஸ்டீரியோ பின்னை மிக்சரில் (ஒலிகளைக் கலக்கும் பெட்டி) ஒரே மைக் சாக்கெட்டில் சொருகியிருப்பார்கள். அந்த சாக்கெட் இடது, வலது ஒலிகளின் வித்தியாசத்தை மட்டுமே எடுக்கும். குரல் இரண்டிலும் ஒரே அளவில் இருப்பதால் அடிபட்டுப்போகும். பாட்டை மோனோவாக மாற்றி இரண்டு பக்கமும் ஒரே ஒலி வருகிற கோப்பாக வைத்திருந்தாலும் இதே சாக்கெட்டில் முழுப் பாட்டும் மறைந்துவிடும். எனவே இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று என்று இரண்டாகப் பிரியும் ஒயர் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது டாக்குமென்டாக அனுப்புங்கள், ஒலியின் தரம் அப்படியே போய்ச் சேரும். பென்டிரைவில் ஒரு பிரதி தனியாக இருக்கட்டும். மண்டபமே எதிரொலிக்கும் என்பதால் குரலில் ரிவெர்பை (மென்பொருளில் சேர்க்கும் எதிரொலி) குறைத்தே வையுங்கள். கூட்டம் வருவதற்கு முன் சவுண்டு சர்வீஸ்காரரை ஒருமுறை முழுசாகப் போடச் சொல்லிக் கடைசி வரிசையில் நின்று கேளுங்கள். இரவு 10 மணிக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கிக்குத் தடை இருப்பதால், பந்திக்கு முன், எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போதே போட்டுவிடுங்கள்.