ஆற்றங்கரையில் புதுக் குடியிருப்பு வந்தால் சின்ன மலையூர் என்ன ஆகும்?

கேள்வி: ஒரு சின்ன மலையூரில் ஆற்றை ஒட்டி வீடுகளும் பூங்காவும் படகு விளையாட்டும் கொண்டு வந்தால் அது ஊருக்கு நல்லதா? கடைசியில் ஆறு பணக்காரர்கள் கைக்குத்தானே போகும்?

நான் டென்வரில் இருக்கிறேன். அங்கிருந்து மூன்று மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய பியூனா விஸ்டா என்ற ஊருக்கு வருடத்தில் நாலைந்து முறையாவது போய்விடுவேன். நீங்கள் கேட்ட விஷயம் அங்கே நடந்தே இருக்கிறது. அதனால் அந்த ஊரை வைத்தே சொல்கிறேன்.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் சுமார் 2,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது அந்த ஊர். ஊட்டியைவிடக் கொஞ்சம் மேலே. 2020 கணக்கெடுப்பில் மூவாயிரம் பேர்கூட இல்லை. மேற்கே பிரின்ஸ்டன் மலை, கிழக்கு ஓரமாக ஆர்கன்சா ஆறு. கடைத்தெருவிலிருந்து நடந்தே போகிற தூரத்தில் ஆறு இருந்தும் ஊர் அதை ரொம்ப நாள் கண்டுகொள்ளவில்லை. கரையோர நிலத்தில் குப்பைதான் கொட்டினார்கள். 2000-களின் தொடக்கத்தில் ஜெட் செல்பி, கேட்டி செல்பி என்ற உடன்பிறந்தவர்கள் இருவர் அங்கே சுமார் 40 ஏக்கர் வாங்கினார்கள். இரண்டு பேரும் கயாக் என்ற சின்னத் துடுப்புப் படகு ஓட்டுபவர்கள். அங்கே அவர்கள் உருவாக்கிய குடியிருப்புக்கு சவுத் மெயின் என்று பெயர். ஒரே மூச்சில் கட்டி விற்றுவிட்டுப் போகவில்லை. வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டினார்கள். ஆற்றோர சர்ஃப் ஹோட்டலே 2018-இல்தான் வந்தது.

ஆற்றோர மனைக்குத்தான் விலை அதிகம். அதனால் மனை போடுகிறவர்கள் மனையைத் தண்ணீர் வரைக்கும் நீட்டி, ஆற்றைக் கொல்லைப்புறமாக்கி விற்பார்கள். வேலி வந்துவிடும், ஊர்க்காரர்களுக்கு ஆறு முடிந்தது. சவுத் மெயினில் அப்படிச் செய்யவில்லை. வீட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவில் பொது நடைபாதையும் பூங்காவும் இருக்கின்றன. எனக்கு இந்த ஊர் பிடித்துப்போனதற்கு முதல் காரணம் இதுதான்.

அம்மா வந்திருந்தபோது ஒரு ஜூன் மாதச் சாயங்காலம் அங்கே கூட்டிப்போனேன். கரைப்பாறையில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் வைத்தவர், வைத்த வேகத்தில் எடுத்துவிட்டார். பனி உருகி வருகிற தண்ணீர், ஒரு நிமிடத்தில் கால் மரத்துவிடும். பின்னால் இருந்த மாடி வீடுகளைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "ஏம்பா, இந்த வீட்டுக்காரங்க யாரும் வந்து ஏன் இங்க உக்காந்திருக்கீங்கன்னு கேக்க மாட்டாங்களா?" என்றார். "இது ஊருக்குச் சொந்தம்மா, யாரும் கேக்க முடியாது" என்றேன். "அப்போ நம்ம படித்துறை மாதிரி" என்று சொல்லிவிட்டு, மறுபடியும் மெதுவாகக் காலை உள்ளே விட்டார்.

அம்மா கேட்டது அந்த மாநிலத்தில் நியாயமான கேள்வி. கொலராடோவில் கரை ஒருவருக்குச் சொந்தம் என்றால் ஆற்றின் அடித்தரையும் அவருக்கே சொந்தம். தனியார் நிலம் வழியே மிதந்து போனவர்கள் அடித்தரையைத் தொட்டதற்கு அத்துமீறல் என்று 1979-இல் மாநில உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொன்னது. அப்படிப்பட்ட இடத்தில் கரை ஊருக்கு என்று ஆவதன் அருமை புரிகிறதா? தண்ணீர் கண்ணில் பட்டால் மட்டும் போதாது, இறங்க வழி இருக்க வேண்டும்.

அப்புறம் அங்கே படகு விளையாட்டுக்காக ஆற்றில் இருக்கிற அலைகள். அவை தானாக வந்தவை இல்லை. இரண்டு பக்கமும் பெரிய பாறைகளை வைத்து ஆற்றைக் குறுக்கி, ஒரு சின்ன இறக்கம் கொடுக்கிறார்கள். வேகமாகச் சரிந்து வரும் தண்ணீர் கீழே ஆழமான, மெதுவான மடுவில் போய் மோதும்போது ஓர் அலை எழுந்து அதே இடத்தில் நிற்கிறது. கயாக்காரர் அதன் மேல் ஏறி, ஆறு ஓட ஓட இருந்த இடத்திலேயே சறுக்குகிறார். வேலை முடிந்து படகைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்து வருகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வேடிக்கை பார்க்கக் காசு கிடையாது. பிள்ளைகள் பாறையில் உட்கார்ந்து, யார் கவிழ்கிறார் என்று எண்ணிக்கொண்டிருப்பார்கள்.

ஆனால் பாறை வைத்து அலை உண்டாக்கினால் மட்டும் தண்ணீர் வந்துவிடாது. ஜூன் வெள்ளம் வடிந்ததும் ஆறு மெலிந்துவிடும். இங்கே ஓர் ஒப்பந்தம் இருக்கிறது. ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 15 வரை ஆற்றில் விநாடிக்கு 700 கனஅடி குறையாமல் ஓட, மேலே உள்ள நீர்த்தேக்கங்களிலிருந்து தண்ணீர் விடுவார்கள். எப்படியும் கீழே உள்ள நகரங்களுக்கும் வயல்களுக்கும் போக வேண்டிய தண்ணீர்தான், அதைப் படகுக்காலம் பார்த்து விடுகிறார்கள். ஆகஸ்ட் பாதிக்கு மேல் மீனுக்காகக் குறைத்துவிடுவார்கள். தண்ணீர் வாரியம், மீன்பிடிப்பவர்கள், ராஃப்டிங் (ரப்பர் படகுச் சவாரி) நடத்துபவர்கள் எல்லோரும் உட்கார்ந்து பேசி 1990-களிலிருந்து நடத்துகிற ஏற்பாடு இது. சட்டக் கட்டாயம் கிடையாது. காவிரிக்காக நாம் படும் பாட்டை நினைத்தால் எனக்கு இது பெரிய விஷயமாகத் தெரிகிறது.

சரி, பணக்காரர்கள் கைக்குப் போகும் என்றீர்களே, அதுவும் பொய்யில்லை. கரை ஊரிடம் இருக்கிறது, வீடு ஊரிடம் இல்லை. விலை ஏறிவிட்டது. இரண்டாவது வீடாக வாங்கி வைத்திருப்பவர்கள் உண்டு. காபிக் கடையில் எனக்குத் தோசைக்கல் அளவு பான்கேக் கொண்டுவந்து வைத்த பையன் பகலில் ராஃப்டிங் வழிகாட்டி, காலையில் இந்த வேலை. வீடு எங்கே என்று கேட்டேன். வேனைக் காட்டினான். கோடை முழுக்க அதில்தான் தூக்கமாம். ஆற்றை நம்பி ஊர் பிழைக்கிறது, ஆற்றில் வேலை செய்கிறவனுக்கு அந்த ஊரில் ஓர் அறை இல்லை. எனக்கு அன்றைக்கு அந்தக் காபி இறங்கவே இல்லை.

ஊர் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. வேலை செய்கிறவர்களுக்குக் கட்டுப்படியாகும்படி அதே ஊரில் தி ஃபார்ம் என்ற குடியிருப்பு வந்தது. அதைக் கட்டிய ஃபேடிங் வெஸ்ட் நிறுவனம், வீட்டைப் பகுதி பகுதியாகச் செய்து கொண்டுபோய்ப் பொருத்தும் தொழிற்சாலையை 2021-இல் அங்கேயே திறந்தது. மலையில் கட்டுமானக் காலம் குறைவு, கொத்தனார், தச்சர் கிடைப்பதும் கஷ்டம். கூரைக்கு அடியில் செய்தால் பனி கொட்டினாலும் வேலை நிற்காது. நல்ல வழிதான். ஆனால் விலை ஏறிய பிறகு துரத்திப் பிடிக்கிற வேலை.

அதனால் உங்கள் ஊரில் இன்னும் அனுமதி கொடுக்கவில்லை என்றால் வரைபடத்தைக் கேட்டு வாங்கி, ஆற்றுக்கும் முதல் வரிசை வீட்டுக்கும் நடுவில் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். அங்கே பாதையோ பூங்காவோ இருந்தால், அது யார் பெயரில் பதிவாகும் என்று கேளுங்கள். முதல் மனை விற்பதற்கு முன்னால் அது ஊர்ப் பெயருக்கு வந்துவிட வேண்டும். அப்படியே, படகு ஓட்டப்போகிறவர்களுக்கும் ஹோட்டலில் பாத்திரம் கழுவப்போகிறவர்களுக்கும் எத்தனை வீடு, எந்த இடத்தில் என்பதையும் அதே தாளில் எழுதி வாங்குங்கள்.