மைனாக்களும் வெறும் சேறும்: பினாங்கு நண்பருக்குப் பதில்

வணக்கம். ஜெலுத்தோங் அடுக்குமாடி வீட்டின் பால்கனியில் அரிசி வைத்தால் மைனாவும் புறாவுமே வருவதாகவும், டிசம்பரில் தெலுக் ஆயர் தாவார் கடற்கரைக்கு நண்பகலில் பறவை பார்க்கப் போனபோது சேறு மட்டுமே தெரிந்ததாகவும் எழுதியிருந்தீர்கள்.

அரிசியை நிறுத்திவிடுங்கள், அது எலியையும் காகத்தையும் சேர்த்தே அழைக்கும். தொட்டியில் செம்பருத்தி வளர்த்தால் தேன்சிட்டு வரக்கூடும்; பூவின் வாயை விட்டுவிட்டு அடிப்பகுதியில் அலகால் துளையிட்டு அது தேன் குடிப்பதை அருகிலிருந்தே பார்க்கலாம்.

கடற்கரையில் நேரம்தான் முக்கியம். செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை சைபீரியா போன்ற வடபுலங்களிலிருந்து வந்து தங்கும் உள்ளான்கள் என்னும் கரைப்பறவைகள், கடல் வற்றியிருக்கும்போது சேற்றுவெளி முழுவதும் சிதறி, தொலைநோக்கியிலும் புள்ளிகளாகவே தெரியும். ஆகவே கடல் பெருக்கு உச்சத்தை எட்டுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே போய் உட்காருங்கள்; ஏறும் நீர் அவற்றைக் கரையை நோக்கித் தள்ளும்போது, பவளக்காலி உள்ளானின் செந்நிறக் கால்களையும் கோட்டானின் (ஆந்தையல்ல, அதே பெயருள்ள கரைப்பறவை) கீழ்நோக்கி வளைந்த நீண்ட அலகையும் தெளிவாகப் பிரித்தறியலாம். அக்கரை மேற்கு நோக்கியது என்பதால், காலையில் பெருக்கு வரும் நாளைத் தேர்ந்தெடுத்தால் வெயில் உங்கள் முதுகுப்புறம் இருக்கும்.

படத்துக்காகக் கூட்டத்தை நெருங்கிக் கிளப்பிவிடாதீர்கள். வடக்கே திரும்புவதற்காகச் சேர்த்துவைத்த கொழுப்பை அப்பறவைகள் அதில் வீணாக இழக்கின்றன.